சிங்கப்பூரில் இறங்கி, பினாங்கில் விமானம் ஏறுங்கள்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக வெளிநாடு கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் சிங்கப்பூரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் உண்டு. நாலு, நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். இறங்கும் இடத்திலேயே தமிழில் அறிவிப்புப் பலகை வரவேற்கும். ஆனால் போய்வந்தவர்களிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "டூர்காரர் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார், ரொட்டியும் பனீரும் கொடுத்தார்கள், பரவாயில்லை" என்பதுதான் பாதிப் பேரின் பதிலாக இருக்கும். கடல் தாண்டிப் போய்ப் பனீர் சாப்பிட்டுத் திரும்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களின் ருசி குளிரூட்டிய ஓட்டல்களில் இல்லை, சிறு கடைகளில் இருக்கிறது. அந்தக் கடைகளுக்கு நேரம் உண்டு, வார விடுமுறை உண்டு, வாங்கிச் சாப்பிட ஒரு முறையும் உண்டு. அதனால் சுற்றிப் பார்க்கும் இடங்களை முதலில் எழுதிவிட்டு நடுவில் சாப்பாட்டைச் செருகாதீர்கள். எந்த வேளைக்கு எந்தக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள், கோபுரமும் பூங்காவும் இடைவெளியில் தானாக வந்து உட்காரும்.

இரண்டு ஊர்களைச் சேர்த்துப் போகச் சொல்வேன்: சிங்கப்பூர், அப்புறம் மலேசியாவில் இருக்கும் பினாங்கு. இரண்டுக்கும் இடையில் விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வரிசையும் முக்கியம். சிங்கப்பூரில் எல்லாம் ஒழுங்காக, விலைப்பலகையோடு இருக்கும். அங்கே பழகிக்கொண்டால் பினாங்கின் தெருக்கடைகளில் தடுமாற்றம் இருக்காது. பினாங்கை முதலில் பார்த்துவிட்டால் சிங்கப்பூர்ச் சாப்பாடு கொஞ்சம் சாதுவாகத் தெரியும் என்பது இன்னொரு காரணம். சிங்கப்பூர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டிக்கெட்டும் தாள்களும்

போக வரச் சிங்கப்பூருக்கே டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இறங்கி, பினாங்கிலிருந்து ஊர் திரும்பினால் ஒரு பயணம் மிச்சம். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடி சேவை தொடங்கியது. நீங்கள் போகும் தேதியில் அது இல்லாவிட்டால் கோலாலம்பூர் வழியாக வரலாம். அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானங்கள் ஏராளம். மூன்று டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தாலும் சரி, ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலிவு விமானங்களில் பெட்டி எடை, சாப்பாடு, இருக்கை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. முன்பதிவின்போதே எடைக்குப் பணம் கட்டுவது மலிவு. விமான நிலையத்தில் கட்டினால் டிக்கெட் விலையை நெருங்கிவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுக்க வேண்டும். அரசின் விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி, ஏஜென்டின் சேவைக் கட்டணம் தனி. (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) பினாங்கு போய்விட்டு மறுபடி சிங்கப்பூர் வழியாகத் திரும்பும் எண்ணம் இருந்தால், கையில் கிடைத்த விசா ஒரு முறை நுழையவா, பல முறை நுழையவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் நிலவரத்தைப் பாருங்கள். இரண்டு நாடுகளுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இரண்டுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை காசு கேட்கும் தனியார் தளங்களாக இருக்கலாம், அரசுத் தளமா என்று முகவரியைப் படித்துவிட்டு நிரப்புங்கள். கடவுச்சீட்டுக்கு ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இப்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலைப் படியுங்கள், விசாவில் இருக்கும் தேதியும் தங்க அனுமதித்த நாட்களும் ஒன்றல்ல.

பெட்டியில் போடக் கூடாதவை

அம்மாக்கள் கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலங்களில் ஒன்று வம்பை இழுக்கும்: கசகசா. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாவுக்கு அரைத்த பொடியில் கலந்திருந்தாலும் கொண்டுபோகாதீர்கள். மெல்லும் புகையிலை, பான் மசாலா வகைகள், மின்சிகரெட், சூயிங் கம் எதுவும் கூடாது. சூயிங் கம் இறக்குமதிக்கு 1992இலிருந்தே தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பெட்டி வைத்திருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படும். மற்ற மருந்துகளுக்கு டாக்டர் சீட்டை உடன் வையுங்கள்.

புளியோதரை, இட்லி கட்டிப் போவது பற்றிக் கேட்பார்கள். சில மலிவு விமானங்களில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. இரவு விமானம்தானே, ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். காலையில் இறங்கியதும் பசியோடு இருப்பது நல்லது, ஏனென்றால் முதல் வேலையே சாப்பாடுதான்.

முதல் காலை

நம் ஊர் விமானங்களில் பல, நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஓட்டல் அறை பிற்பகல்தான் கிடைக்கும். பெட்டியை விமான நிலையத்தின் காப்பகத்திலோ, ஓட்டல் வரவேற்பறையிலோ விட்டுவிடலாம். 2019இல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியைப் பார்ப்பதென்றால் இப்போதே பார்த்துவிடுங்கள். அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது, அதனால் பிறகு பினாங்கு விமானம் ஏறும் அவசரத்தில் பார்க்க வருவது சிரமம்.

ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்குக் கீழே. தனியாகப் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போகலாம், வெளியேறும்போதும் அதே அட்டை. வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். சில நாட்கள் தங்குகிறவர்களும் குடும்பமாகப் போகிறவர்களும் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் அட்டை வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட அபராதம், அதிகபட்சம் 500 வெள்ளி.

லிட்டில் இந்தியா பக்கம் தங்குகிறவர்கள் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா நிலையத்திலேயே இறங்கலாம். முதல் முறை போகிறவர்கள் அங்கே தங்குவதுதான் சௌகரியம். சிராங்கூன் சாலையில் தமிழ் பேசினால் போதும், சிம் கார்டிலிருந்து பணம் மாற்றுவது வரை எல்லாம் காலடியில்.

சரி, பசியாற வேண்டும். (சிங்கப்பூர்த் தமிழரும் மலேசியத் தமிழரும் காலை உணவு சாப்பிடுவதை இப்படித்தான் சொல்வார்கள்.) முதல் காலைக்கு இட்லி வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு காபிக்கடைக்குப் போய்க் காயா டோஸ்ட் கேளுங்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்குப் பண்டான் இலை சேர்த்துக் கிளறியது காயா. அதையும் வெண்ணெய் வில்லையையும் சுட்ட ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதில் சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் விட்டுக் கலக்கி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். முட்டையின் நெகிழ்ச்சி பிடிக்காதவர்கள் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காபி கேட்பதற்கென்று ஒரு தனி மொழியே இருக்கிறது. "கோபி" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றி, நல்ல இனிப்போடு வரும். "கோபி ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "கோபி சி" என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். கடைசியில் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை இல்லை, "சியூ தாய்" என்றால் சர்க்கரை குறைவு, "காவ்" என்றால் டிகாக்ஷன் தூக்கலாக, "பெங்" என்றால் ஐஸ் போட்டு. தேநீருக்கும் இதே சொற்கள்தான், "கோபி"க்குப் பதில் "தே". சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கோபி சி கோசோங்" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயணம் முழுக்க உதவும்.

உணவங்காடியில் நடந்துகொள்ளும் முறை

ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகச் சிறு கடைகள், நடுவில் பொதுவான மேசைகள். இதுதான் உணவங்காடி, பேச்சில் ஹாக்கர் சென்டர். ஊர் முழுக்க நூற்றுப் பத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒருகாலத்தில் தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை அரசு எழுபதுகளில் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் இடம் பிடியுங்கள். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்த இடம் என்று பொருள், உட்காராதீர்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். பையில் இரண்டு பொட்டலம் வைத்திருங்கள், கை துடைக்கவும் ஆகும், கடைகளில் இலவசமாகத் தர மாட்டார்கள். மேசை எண்ணை நினைவில் வையுங்கள்.

அடுத்தது வரிசை. எந்தக் கடை நல்ல கடை என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உள்ளூர் முதியவர்கள் நிற்கும் வரிசையில் நில்லுங்கள். கடைக்காரர் நடுவயதைத் தாண்டியவராக இருந்தால் "அங்கிள்", "ஆன்ட்டி" என்பதே அங்கு மரியாதை. உங்கள் முறை வரும்போது என்ன வேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டு யோசித்தால் அங்கிள் அடுத்தவரைப் பார்ப்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொட்டலம் கட்டித் தரச் சொல்ல "தாபாவ்" என்று சொன்னால் போதும்.

2, 5, 10 வெள்ளித் தாள்கள் கையில் இருக்கட்டும். பல கடைகளில் உள்ளூர் வங்கியின் கியூஆர் குறியீடுதான் இருக்கும், அட்டை வாங்காத கடைகளும் உண்டு. பலகையில் இருக்கும் விலையே இறுதி விலை. ஆனால் ஓட்டல்களில் விலைப்பட்டியலின் அடியில் "++" என்று போட்டிருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீதம் வரியும் ஏறும். மேசையில் வைக்கும் ஈரத்துண்டுக்கும் வேர்க்கடலைக்கும்கூட பில்லில் காசு வரலாம், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ் வழக்கம் இல்லை. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்து அதற்கான அடுக்கில் வைத்துவிட வேண்டும். இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டம். உணவங்காடிகளில் 2021 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி. பல இடங்களில் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. பலகையைப் படித்து அதில் வையுங்கள், மாற்றி வைப்பது முஸ்லிம் கடைக்காரருக்குப் பெரிய தொந்தரவு.

சிங்கப்பூரில் எங்கே, எதை

மேக்ஸ்வெல் உணவங்காடியில் ஹைனான் சிக்கன் ரைஸ். அலுவலகக் கூட்டம் பன்னிரண்டு மணிக்கு இறங்கும், பதினொன்றரைக்கு முன் போய்விடுங்கள். நம்மவர்கள் முதல் தட்டில் ஏமாறுவது இந்த உணவில்தான்: கோழி சூடாக இருக்காது. மிதமான கொதிநீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து வெட்டுவார்கள், அப்போதுதான் தோலுக்கும் சதைக்கும் நடுவே அந்த வழவழப்பு நிற்கும். எலும்பை ஒட்டிக் கொஞ்சம் இளஞ்சிவப்பு தெரிந்தால் பதற வேண்டாம். சுவையின் பாதி சோற்றில் இருக்கிறது. கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு, பண்டான் இலை போட்டு வடிக்காமல் வேகவைத்த சோறு. மிளகாய்ச் சட்டினி, இஞ்சி விழுது, கருப்பு சோயா மூன்றையும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு தட்டு ஐந்து வெள்ளியை ஒட்டி இருக்கும்.

இரவில் லாவ் பா சாட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வார்ப்பிரும்புத் தூண்களோடு நிற்கும் எண்கோணச் சந்தைக் கட்டடம் அது. மாலை ஏழு மணி வாக்கில் பக்கத்து பூன் டாட் தெருவை வண்டிகளுக்கு மூடிவிட்டு சாத்தே கடைகளைப் போடுவார்கள். கரி அடுப்பில் வாட்டிய இறைச்சிக் குச்சிகளும் வேர்க்கடலைக் குழம்பும். விலை கொஞ்சம் கூடுதல்தான், அந்தத் தெருவில் உட்காருவதற்குக் கொடுக்கலாம்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டரின் கீழ்த்தளத்தில் காலையில் மீன் சந்தை, பக்கத்திலேயே உணவுக் கடைகள். தமிழ் முஸ்லிம் கடைகளில் பிரியாணி, ரொட்டி பிராட்டா, சூப் கம்பிங் என்ற ஆட்டு சூப், மீ கோரெங் என்ற சிவந்த வதக்கிய நூடுல்ஸ். நம் ஆட்கள் சமைத்தது, ஆனால் நம் ஊரில் கிடைக்காது. இந்த வகைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். மீன் தலைக் கறியும் அப்படித்தான், கேரளத்திலிருந்து வந்த ஓட்டல்காரர் ஒருவர் மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காகச் செய்யத் தொடங்கியது. ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டுத் தருகிறார்கள். ஒரு தலை நாலு பேருக்குப் போதும். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இருக்கும் ஜம் ஜம் கடையில் முர்தபா (கறியும் முட்டையும் அடைத்த ரொட்டி) வாங்கினாலும் சின்ன அளவு கேளுங்கள்.

எங்கே போனாலும் ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், வயிற்றில் இடம் மிஞ்சினால்தான் அடுத்த கடை. திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டை ஒட்டிய சில நாட்கள் சீனக் கடைகள் மொத்தமாக மூடிவிடும். விடுமுறைக்கு ஏற்ற தேதி என்று அந்த வாரத்தில் போனால் சாப்பாட்டுப் பயணம் பாதியாகிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், மாட்டிறைச்சி தவிர்க்கிறவர்களுக்கும்

"சைவம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம். சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெலாசான் என்ற இறால் விழுது இருக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி உண்டு. லக்சா என்ற நூடுல்ஸின் தேங்காய்ப்பால் குழம்பிலும் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள்.

அதனால் சுத்த சைவர்கள் இரண்டு வழியில் போகலாம். ஒன்று, சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் போன்ற நம் சைவ ஓட்டல்கள். இன்னொன்று, அதைவிட சுவாரசியமானது: சீன சைவக் கடைகள். பலகையில் 素 என்ற எழுத்தைத் தேடுங்கள். பெரும்பாலான உணவங்காடிகளில் ஒன்றாவது இருக்கும். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த கோழி, வாத்து, மீன் எல்லாம் அங்கே சைவமாகக் கிடைக்கும். பௌத்த வழக்கப்படி பல கடைகளில் வெங்காயம், பூண்டும் இல்லை. சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் இருப்பார்கள், அன்று இந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும்.

அசைவர்கள் சில மலாய்ச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் இறால், சோத்தோங் கணவாய், கம்பிங் ஆடு, தெலூர் முட்டை, சாயூர் காய்கறி, பாபி பன்றி. டாகிங் என்றால் இறைச்சி, மலாய்க் கடையில் பெரும்பாலும் மாடு. மசாலாவில் சுண்ட வைக்கும் ரெண்டாங் கறியும் வழக்கமாக மாட்டிறைச்சியில் செய்வதே, ஆயாம் ரெண்டாங் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பினாங்குக்கு மாறுதல்

சிங்கப்பூர்–பினாங்கு விமானப் பயணம் சிறியதுதான், ஆனால் நாடு மாறுகிறது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போய்விடுங்கள். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பாருங்கள். நான்காம் முனையம் தள்ளி இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். பையில் காயா பாட்டில் இருந்தால் அது திரவக் கணக்கில் சேரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள்.

பினாங்கு விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெபாஸில் இருக்கிறது. பினாங்கின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுனுக்குப் போக கிராப் செயலியில் வண்டி பிடிப்பது எளிது. 401இ பேருந்தும் போகிறது; சரியான சில்லறை வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தர மாட்டார். தங்குவது ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கட்டும். பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நடந்தே சுற்றலாம், கால் வலித்தால் நகருக்குள் ஓடும் இலவச கேட் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

இங்கே கடைகளின் முறை கொஞ்சம் வேறு. ஒரு காபிக்கடைக்குள் ஐந்தாறு தனித்தனி உணவு வண்டிகள் நிற்கும். நீங்கள் உட்கார்ந்ததும் பானம் கேட்க வருபவர் கடைக்குச் சொந்தக்காரர் தரப்பு. ஏதாவது ஒரு பானம் வாங்குவது வழக்கம், வாங்காவிட்டால் சில கடைகளில் சிறு தொகை கேட்பார்கள். உணவுக்கு நீங்களே வண்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டு மேசையைக் காட்ட வேண்டும், தட்டு வந்ததும் அந்த இடத்திலேயே பணம். வெவ்வேறு வண்டிகளில் சொன்னால் வெவ்வேறு நேரத்தில் வரும், எல்லாம் வந்தபின் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பெயர்களை நம்பி ஏமாறவும் வேண்டாம். சிங்கப்பூரில் ஹொக்கியன் மீ என்றால் இறால் சாற்றில் வதக்கிய வெளிர்நிற நூடுல்ஸ். பினாங்கில் அதே பெயருக்குச் சிவந்த இறால் சூப் வரும். கோலாலம்பூரில் கேட்டால் கரேலென்று கருப்பு சோயாவில் வதக்கியது. லக்சாவும் அப்படியே. சிங்கப்பூர் கத்தோங் லக்சா தேங்காய்ப்பாலில் மிதக்கும், நூடுல்ஸை நறுக்கியிருப்பதால் கரண்டியாலேயே சாப்பிடலாம். பினாங்கு அசாம் லக்சாவில் தேங்காயே கிடையாது. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, இஞ்சிப் பூ, புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம் தூவி, மேலே கரும்பாகு மாதிரி கெட்டியான இறால் விழுதை ஒரு கரண்டி விடுவார்கள். மீன் குழம்பை ரசமாகக் கரைத்துக் குடிக்கப் பழகிய நாக்குக்கு இது உடனே பிடிக்கும். ஆயர் ஈத்தாம் பக்கம் பெயர் பெற்றது. கெக் லோக் சி புத்தர் கோயிலும் 1923இல் தொடங்கிய பினாங்கு மலை ரயிலும் அதே திசைதான். காலையில் மலை, அப்புறம் கோயில், இறங்கி வந்ததும் லக்சா என்று வைத்துக்கொண்டால் ஒரே போக்கில் முடியும்.

அகலமான அரிசி நூடுல்ஸான சார் கோய் தியாவை ஒவ்வொரு தட்டாகத்தான் வதக்குவார்கள், நல்ல கடை என்றால் காத்திருப்பு நிச்சயம். சியாம் சாலையில் கரி அடுப்பில் செய்கிற கடை பிரசித்தம். தட்டு பத்து ரிங்கிட்டை (மலேசிய நாணயம்) ஒட்டி இருக்கும். லெபோ கெங் க்வீயில் (லெபோ என்றால் தெரு) 1936 முதல் விற்கும் செண்டோலைப் பிற்பகல் வெயிலில் நின்றுகொண்டே சாப்பிடுங்கள்: ஐஸ் சீவல், தேங்காய்ப்பால், பனஞ்சர்க்கரைப் பாகு, பச்சை நிற மாவு இழைகள், பீன்ஸ். மாலையில் சூலியா தெரு, நியூ லேன், கர்னி டிரைவ் மூன்றில் ஒன்று. கர்னியில் பசெம்போர் வாங்குங்கள். பொரித்த வடைகளையும் இறால் பலகாரங்களையும் வெட்டி, வெள்ளரி தூவி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த இனிப்புக் காரக் குழம்பை ஊற்றித் தருவார்கள். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை பல கடைகள் அடைத்திருக்கும், அந்த நேரத்தை ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களுக்கு ஒதுக்கலாம், அல்லது தூங்கலாம். நான் தூங்கச் சொல்வேன்.

நாசி கண்டார் வரிசையில்

பினாங்கு போய் இதைச் சாப்பிடாமல் வரக் கூடாது. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், சோற்றையும் கறியையும் காவடியின் இரு பக்கமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை லெபோ கேம்பெல்லில் இருக்கிறது. பினாங்கு சாலையின் ஒரு சந்துக்குள் லைன் கிளியர் என்ற கடை.

வரிசை வேகமாக நகரும். தட்டில் சோறு போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கறிகளை விரலால் காட்டுங்கள். அங்கே நிற்பவர் பெரும்பாலும் தமிழர், "அண்ணே, இது என்ன கறி?" என்று தமிழிலேயே கேட்கலாம். மலாய்க்காரரும் சீனரும்கூட அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசியில் "குவா சம்போர்" என்றால் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார். "பஞ்சிர்" என்றால் வெள்ளமாகவே ஊற்றுவார். முதல் முறைக்குக் கலவைக் குழம்பு போதும், வெள்ளம் வேண்டாம்.

பில்லில் அதிர்ச்சி வருவது இங்கேதான். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. பெரிய இறால், கணவாய், மீன் முட்டை போன்றவை சோற்றைவிடப் பல மடங்கு. காட்டும் முன் விலை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெண்டைக்காய், ஒரு கோழித்துண்டு, கலவைக் குழம்பு: இதுவே ஒரு முழுச் சாப்பாடு.

பினாங்கில் சைவர்களுக்கு லெபோ பசார், குயின் தெருவை ஒட்டிய லிட்டில் இந்தியா இருக்கிறது. தெருமுனைகளில் பூத்து மாயாம் என்று நம் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் பனஞ்சர்க்கரையும் வைத்து விற்பார்கள். சீன ஒன்பதாம் மாதத்தில், அக்டோபரை ஒட்டி, ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது ஊரெங்கும் மஞ்சள் கொடியோடு சைவக் கடைகள் முளைக்கும். அப்போது அசாம் லக்சாவும் சார் கோய் தியாவும் சைவத்தில் கிடைக்கும், சைவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல்களில் சீனரும் தமிழரும் சேர்ந்து அன்னதானம் செய்வதைப் பார்க்கலாம். அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

ஊருக்கு எதை எடுத்து வருவது

டுரியானை விமானத்தில் கொண்டுவர முடியாது, ஓட்டல் அறைக்குள்ளும் விட மாட்டார்கள். ஜூனை ஒட்டிப் போகிறவர்கள் பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கத் தோப்புகளில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காயா, சம்பால், ஜாதிக்காய்ப் பாகு எல்லாம் பெட்டியில், பிளாஸ்டிக் பையால் இரண்டு சுற்று சுற்றி. பன்றி இறைச்சியில் செய்த பக்வா வறுவலை வாங்க வேண்டாம், இந்தியச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பரிசாகக் கொடுக்க நல்லது தவ் சார் பியா, பயத்தம்பருப்புப் பூரணம் வைத்த சின்ன ரொட்டி. வாங்கும்போது சைவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள், ஹலால் முத்திரை உள்ள பெட்டிகள் கிடைக்கும். லேசான மேலோடு, பெட்டியில் போட்டால் பொடியாகிவிடும். கைப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.